நாகியின் ஏழாம் வயது

உவாஜிமா,
பிப்ரவரி 6

மடோகாவுக்கு,

நான் உன் மகளிடம் பொய் சொன்னேன். நாகியின் ஏழு வயது விழாவுக்கு உன்னை அழைத்ததாகவும், வேலை இருக்கிறது, வர முடியாது என்று நீ சொல்லிவிட்டதாகவும் அவளிடம் சொன்னேன். உன்னை நான் அழைக்கவே இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்தேன், ஏனென்றால் நலம் விசாரித்து, குளிரைப் பற்றி நாலு வரி எழுதி, அதற்குப் பிறகு இதற்கு வரலாம் என்று தொடங்கிய தாள்கள் எல்லாம் குளிரோடு நின்றுபோய் அடுப்புக்குள் போயின.

இனி நலம். நானும் நாகியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அவளுக்கு ஒரு சளி வந்து போனது, எனக்கு முழங்கால் வழக்கம்போல. மேற்குக் காற்று இந்த வருடம் அதிகம், விரிகுடாவில் மீன் கூண்டுகள் இரண்டு முறை இழுபட்டுப் போயின, பின்புறச் சரிவில் ஆரஞ்சு பறித்து முடியப்போகிறது. உனக்கு அங்கே சிலியில் கோடை என்பதை நினைத்துப் பார்க்கவே விசித்திரமாக இருக்கிறது. நாள் முழுவதும் கூண்டுப் பலகைமேல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள், தொப்பி இல்லாமல் நிற்காதே. சால்மன் மீனுக்கு நேரத்துக்குத் தீனி போடுகிற நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எனக்குச் சந்தேகம்தான்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நாகி மூன்று மாதமாகப் போனுக்கு வருவதில்லை, நீ விட்டுவிட்டுப் போனதை இப்போதுதான் அந்தக் குழந்தை புரிந்துகொண்டு கோபப்படுகிறாள், நீ இல்லாமல் வளர அவள் பழகிவிட்டாள், ஏப்ரல் மாதம் முதல் வகுப்புச் சேர்க்கைக்கு வந்து அவளைக் கலைக்க உனக்கு விருப்பமில்லை, அதனால் எடுத்த விடுப்பை ரத்து செய்துவிட்டு, செப்டம்பரில் முடிய வேண்டிய ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டி இந்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். அதில் என்னைத் திட்டி ஒரு வரிகூட இல்லை. படித்ததும் அதுதான் என்னைச் சுட்டது. புத்தாண்டு வாழ்த்து அட்டையில் நாகியின் விழாப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் கத்தினாயே, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலியா அப்பா, நான் என்ன செத்தா போயிட்டேன்"னு, அப்போது எனக்கு இவ்வளவு சுடவில்லை, அதற்குப் பதில் என்னிடம் இருந்தது, நானும் கத்தினேன். அதற்கப்புறம் நீ என் போனை எடுப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தியின் போனில் நாகியைக் கேட்கிறாய், சித்தி கொண்டுவந்து நீட்டினால் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். இதற்கெல்லாம் காரணம் நீ என்று நீ எழுதியிருக்கிறாய். நீ இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பாதியில் கிழித்துப் போடாமல் படி.

போன வசந்தத்தில் போனில் நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "அப்பா, நாகிக்கு ஏழு வயசு விழா அடுத்த வருஷம் நவம்பர்ல. செப்டம்பர்ல வந்திருவேன், நானே பண்ணிக்கிறேன். என்னோட ஏழுக்கு நான் போட்ட கிமோனோவுக்கு அவ அளவுல தோள் மடிப்பு நானே தைக்கிறேன், இங்க உக்காந்து பழகிக்கிட்டிருக்கேன்" என்றாய். நான் அப்போதே சொன்னேன், அடுத்த வருடம் அவளுக்கு எட்டு, இந்த வருடம்தான் ஏழு என்று. நீ சிரித்தாய். "ஐயோ அப்பா, அந்தப் பழைய கணக்கை இன்னும் விடலியா? பொறந்தநாள் வந்தாத்தான் வயசு, ஊரே அப்படித்தான் பண்ணுது" என்றாய். நான் நடுநிலைப் பள்ளியோடு நின்றவன்தான், ஆனால் படகு எஞ்சினையும் சரி, பஞ்சாங்கத்தையும் சரி, யாரும் சொல்லித்தராமல் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே கற்றவன். பிறந்த அன்றே குழந்தைக்கு ஒன்று, அப்புறம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று, அதுதான் கணக்கு. கோயிலில் உனக்கு மூன்று வயது விழாவும் ஏழு வயது விழாவும் அப்படித்தான் செய்தோம், உன் அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். கணக்கில் நான் தவறவில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஊரே செய்கிறது என்பதற்காக ஒரு எண்ணை மாற்ற முடியாது. நீ என்னிடம் கேட்கவில்லை, சொன்னாய், அதுவும் சிரித்துக்கொண்டு சொன்னாய், அது எனக்குள் முள் மாதிரி கிடந்தது.

ஆனால் முள் மட்டும் காரணம் இல்லை. நாகியின் மூன்று வயது விழா நின்றுபோனதே, அது உனக்குத் தெரியும். அந்த வருடம்தான் உன் அம்மா போனாள். துக்க வீட்டுக்காரர்கள் கோயில் வாசலைத் தாண்டக் கூடாது, ஐம்பது நாள் போதும் என்று பூசாரியே சொன்னார், ஒரு வருடம் என்று நான் நின்றேன், நீயும் அழுதுகொண்டு சரி என்றாய். அதனால் அந்தக் குழந்தைக்கு மூன்று இல்லாமல் போனது. போன செப்டம்பரில் படகுத்துறைப் படியில் எனக்கு மூச்சு அடைத்து உட்கார வேண்டி வந்தது. உனக்குச் சொல்லவில்லை, டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது நான் என்னைப் பற்றி நினைக்கவில்லை. நீ சொன்ன அடுத்த வருட நவம்பருக்குள் நான் செத்தால் இந்த வீட்டில் மறுபடி துக்கம், மறுபடி கோயில் இல்லை, அவளுடைய ஏழும் என்னால் போகும் என்று நினைத்தேன். நான் சாவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ தடுப்பாய், மூச்சு அடைத்ததும் தெரிந்துபோகும், வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய், அப்புறம் என்னால் உன் வேலை போனது என்று ஆகும். இப்படி நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதிப் பார்த்தால், தடுப்பாய் என்ற ஒன்றுதான் அதில் உண்மை.

ஃபுமியே சித்தியிடமும் நீ ஒத்துக்கொண்டதாகத்தான் சொன்னேன். அவள் உன் கிமோனோவைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறிக்கொண்டே, "மடோகாவா? தோள் மடிப்பு நான்தான் தைப்பேன்னு சொல்லிக்கிட்டிருந்தாளே அத்தான், அவளா ஒத்துக்கிட்டா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஒத்துக்கிட்டா, தை என்றேன். தைத்துவிட்டாள். நவம்பரில் விழா அன்று காலை நாகிக்கு முடி வாரி, பூ வைத்து, முதன்முதலாகப் பெரியவர்கள் கட்டுகிற இடுப்புப் பட்டியைச் சுற்றி முடிச்சை இறுக்கும்போது, "மூச்சு விட முடியல சித்திப்பாட்டி" என்று அவள் சிணுங்க, "இனி நீ சின்னப் பொண்ணு இல்லடி, சின்னப் பொண்ணுங்களுக்குத்தான் கயிறு, பெரிய பொண்ணுங்களுக்கு மூச்சு விடுறதெல்லாம் கொஞ்சந்தான்" என்று சித்தி சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நாகி கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா நேரா கோயிலுக்கே வந்திருவாங்களா தாத்தா?" என்று கேட்டாள். நீ வருவாய் என்று இங்கே அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஏழு என்றால் அம்மா வருவாள் என்று நீதான் அவளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாய் போலிருக்கிறது. நான் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், முகத்தில் பூசியது கலைந்திருக்கும், அவ்வளவுதான் நடந்திருக்கும். நான் சொன்னேன், "கூப்பிட்டேன்மா, அம்மாவுக்கு வேலை, வர முடியாதுன்னுட்டா." அவள் அழவில்லை. "சரி" என்றாள். மரச்செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

கோயிலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பூசாரி அவள் பெயரை முழுதாகச் சொல்லி வாசித்தார், அவள் தலை குனிந்த விதம் அழகாக இருந்தது, அந்த நீள மிட்டாய்ப் பையை, ஆயுசுக்கென்று கொக்கும் ஆமையும் படம் போட்டுத் தருவார்களே, அதைத் தரையில் இழுத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் வெள்ளை மிட்டாய்க் குச்சியைத் தான் கடித்துக்கொண்டு, சிவப்புக் குச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து, "இது அம்மாவுக்கு, யாரும் தொடக் கூடாது, தாத்தாவும்தான்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். பாவம், உனக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிட்டியா என்றாய், சளி போச்சா என்றாய், பள்ளியில் என்ன பாட்டு என்றாய். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் உம் உம் என்றாள், நீ வாழ்த்துச் சொல்வாய் என்று காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், மடோகா. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போனை வாங்கி ஒரு வரி சொல்லியிருக்கலாம். நீ குட்நைட் சொல்லி வைத்துவிட்டாய். அவள் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தச் சிவப்புக் குச்சியை எடுத்து, என் கருவிப் பெட்டியிலிருந்த சுத்தியலால் பையோடு வைத்து உடைத்து, துண்டு துண்டாகத் தின்றாள். பல் வலிக்கும் என்றேன். "அம்மாவுக்கு வேண்டாமாம்" என்றாள். அன்றிலிருந்துதான் போனுக்கு வருவதில்லை. பிள்ளை விளையாடப் போயிருக்கு, பிள்ளை வளர்ந்துட்டுது, பழகிட்டுது என்று ஒவ்வொரு வாரமும் உனக்குச் சொன்னவன் நான். அந்தச் சொற்களைத்தான் நீ உன் கடிதத்தில் எனக்கே திருப்பி எழுதியிருக்கிறாய்.

சித்தி புத்தாண்டு அட்டையில் அந்தப் படத்தை அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவாள் என்பதை நான் மறந்தே போனேன். வருடா வருடம் அனுப்புகிறவள், அது எனக்குத் தோன்றவில்லை. நீ ஒத்துக்கொள்ளவே இல்லை என்று உன்னிடமிருந்து தெரிந்ததும் அவள் வாசலிலேயே நின்று, உள்ளே வராமல், "எஞ்சினைப் பிரிச்சா மாட்டத் தெரியும் உங்களுக்கு. ஒரு குடும்பத்தையே பிரிச்சுப்போட்டுட்டு மிச்ச திருகாணியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீங்களே அத்தான், இப்ப எது எங்க போகும்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். அக்கா புருஷன் என்று முப்பது வருடம் என்னிடம் குரல் உயர்த்தாதவள். அவளுக்கும் நாகியிடம் நான் சொன்ன பொய் தெரியாது. தெரிந்தால் திருகாணியோடு விட்டிருக்க மாட்டாள்.

இத்தனைக்குப் பிறகும் நான் இதை எழுதியிருப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை. இந்த வாரம் பேய் விரட்டும் நாள் வந்தது. நாகி பள்ளியில் செய்த சிவப்புக் காகித முகமூடியை நான் மாட்டிக்கொண்டு வாசல் வழியாக உறுமிக்கொண்டு வந்தேன், "பேயே வெளியே போ, அதிர்ஷ்டமே உள்ளே வா" என்று அவள் வறுத்த சோயாவைக் கை நிறைய அள்ளி எறிந்தாள், குறி நன்றாக இருக்கிறது, ஒன்று கண்ணிலேயே பட்டது. முடிந்ததும் வயதுக்குத் தக்க சோயா தின்ன உட்கார்ந்தோம். நான் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் உள்ளங்கையில் எட்டு வைத்தேன். "ஏன் தாத்தா எட்டு? ஸ்கூல்ல ஆறுதானே குடுத்தாங்க" என்றாள். "புத்தாண்டு வந்துச்சில்ல, நம்ம வீட்டுக் கணக்குல உனக்கு எட்டு" என்றேன். "அப்ப ஏழு?" "அது போன வருஷம், கோயிலுக்குப் போனோமே." "முடிஞ்சிருச்சா?" "முடிஞ்சிருச்சு." கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இனிமே அம்மா வந்தாலும் எனக்கு ஏழு இருக்காதா?" என்றாள். அவள் அந்த எட்டிலிருந்து இரண்டை எடுத்து டப்பாவில் திருப்பிப் போட்டாள். "நான் ஸ்கூல் கணக்கே வச்சுக்கிறேன். அதுல இன்னும் ஏழு வரல" என்றாள். மூன்று மாதத்தில் அவள் உன்னைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. நான் முகமூடியை இறக்கி முகத்தை மூடிக்கொண்டேன். விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்து, சிரித்துக்கொண்டே டப்பாவிலிருந்து மறுபடி எடுத்து என்மேல் எறிந்தாள்.

அவள் உன்னை வெறுக்கவில்லை. பழகிப் போகவும் இல்லை. நீ வருவதற்கு ஒரு வயது மிச்சம் இருக்கட்டும் என்று என் கணக்கைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். இதைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் உன் அப்பன் இல்லை. இனி அவளுக்கு இந்த வீட்டில் வயது உன் கணக்குப்படிதான். எனக்கு என் வயது என் கணக்குப்படி, அதை யாருக்காகவும் மாற்ற மாட்டேன்.

மற்ற செய்தி. கீழ் முன்பல் ஒன்று விழுந்தது, கூரைமேல் எறிந்தோம், கூரையோரத் தண்ணீர்த் தகரத்தில் சிக்கிக்கொண்டது, நல்ல பல் வராது என்று அவள் அழுததால் நான் ஏணி போட்டு ஏறி மேலே தள்ளினேன், திட்டாதே. பள்ளிப் பை வந்துவிட்டது. சிவப்பு வாங்கலாம் என்று நான் சொன்னேன், அவள் கரும்பச்சைதான் வேண்டும் என்று கடையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள், யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. அதற்குள் என் எஞ்சின் புத்தகங்களை அடைத்து மாட்டிக்கொண்டு கூடத்தில் நடக்கப் பழகுகிறாள். மார்ச்சில் மழலையர் பள்ளி முடிப்பு விழா, அதற்கான பாட்டைக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து பாடுகிறாள். முதல் வகுப்பில் எண்ணிப் பழகுகிற கணக்குப் பெட்டியில் இருக்கிற குச்சி, வில்லை ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்ட வேண்டுமாம், என் கண்ணுக்கு அது முடியவில்லை, நா என்று எழுதினால் தா மாதிரி இருக்கிறது என்கிறாள்.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், போனில் நீ பாதியில் வைப்பாய், நானும் கத்துவேன். விரைவுத் தபாலில் போடுகிறேன், மாதக் கடைசிக்கு முன்னால் கிடைத்துவிடும் என்று தபால் நிலையத்துப் பெண் சொன்னாள். மன்னிப்புக் கேட்டு எழுத எனக்கு வராது, உன் அம்மாவுக்கே எழுதினதில்லை. நடக்க வேண்டியதை எழுதுகிறேன். உனக்கு என் ஆசி எப்போதும் உண்டு, அதை இந்த வரியோடு வைத்துக்கொள், கீழே இடம் இருக்காது.

சித்தி அந்தக் கிமோனோவின் தோள் மடிப்பைப் பிரித்து, நூலை எடுத்து, வெறுமனே மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டும். அவளிடம் நாளைக்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்கிறேன், திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பூசாரியிடம் நான் போக வேண்டும். இந்த நவம்பரில் அதே பிள்ளையை மறுபடி ஏழு என்று கூட்டி வரலாமா என்று கேட்க வேண்டும். எந்தக் கணக்கானாலும் செல்லும் என்று அவர் எப்போதும் சொல்கிறவர், நான்தான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், அவர் சிரித்தால் சிரிக்கட்டும். இடையில் நான் செத்தால் ஐம்பது நாள் போதும், ஒரு வருடம் யாரும் காக்க வேண்டாம், இதைச் சித்தியிடமும் சொல்லிவைக்கிறேன்.

நீ கையெழுத்துப் போடக் கூடாது. ஏப்ரல் விடுப்பை ரத்து செய்யக் கூடாது. செய்துவிட்டிருந்தால் மறுபடி போய்க் கேட்க வேண்டும். சேர்க்கை அன்று பெற்றோர் வரிசையில் நீ உட்கார வேண்டும், நான் பின்னால் நிற்பேன். குச்சிகளில் பெயர் நீ வந்து எழுத வேண்டும்.

நவம்பரில் மறுபடி கோயிலுக்குப் போவதா, வேண்டாமா என்பதை நாகி சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் நீயும் நானும் வாயை மூடிக்கொண்டு சரி என்று சொல்ல வேண்டும்.

இது கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ என் போனுக்கே கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் அவளிடம் தனியாகச் சொல்ல மாட்டேன், தனியாகச் சொன்னால் குறைத்துச் சொல்லுவேன், என்னை எனக்குத் தெரியும். நீ கேட்டுக்கொண்டிருக்க, அம்மாவை நான் கூப்பிடவே இல்லை என்று அவளிடம் நான் சொல்ல வேண்டும். சொன்னதும் நீ என்னைத் திட்ட வேண்டும், அவள் காதில் விழும்படி, மனத்தில் இருக்கிற எல்லாவற்றையும் வைத்துத் திட்ட வேண்டும். நான் பதில் பேசமாட்டேன். போனை நான் கையில் வைத்திருந்தால் நடுவில் அணைத்தாலும் அணைத்துவிடுவேன். அதை நாகி பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்பா,
யசுஹேய்